கடைமடைப் பாட்டு

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி மதகைத் திறந்தால், எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்ட மாதக் கடைசி ஆகிவிடும். சில ஆண்டுகளில் அதையும் தாண்டும். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் இருக்கிறது எங்கள் ஊர். தலைமடைக்காரர்கள் நாற்று விட்டு முடித்திருப்பார்கள். நாங்கள் வாய்க்கால் தலைப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்து விடுவார்கள். முறை வரும் இரவில் மண்வெட்டியும் அரிக்கேன் விளக்குமாக ஆண்கள் வரப்பிலேயே காத்துக் கிடப்பார்கள். நான் அவர்களுக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறேன்.

பாட்டும் நல்ல வார்த்தையும் அந்தக் காலத்தில் எங்களுக்கு அப்படித்தான் வந்தன. தலைமடையில் ஊறி, இடையில் பலர் கை மாறி, முறை வைத்து, கடைசியாக எங்களிடம்.

எழுபதுகளில் எங்கள் ஊர் மேலத்தெருவில் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. ஓட்டுக் கூரை போட்ட ஒரு சிறிய அறை, அதன் மேல் ஒரு குழாய் ஒலிபெருக்கி. காலையில் சற்று நேரம், மாலையில் சற்று நேரம். சாவி பஞ்சாயத்து சிப்பந்தியிடம். அவருக்குக் காய்ச்சல் என்றால் அன்று ஊருக்குப் பாட்டு இல்லை. 1939 மே 16-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம்தான் எங்களுக்கு உலகம். விடியற்காலை நாகசுரம், அதன்பின் பக்திப் பாடல், செய்தி. மாலையில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி. அந்தக் குரலை எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு ஒரு சான்று போதும். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லை வெளியிட்டது. திருச்சி வானொலி அதை எப்படிப் பயிரிடுவது என்று நாள்தோறும் சொல்லிக்கொடுத்தது. தஞ்சை விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. காதால் கேட்ட சொல் வயலில் விளைந்தது என்று அதற்குப் பொருள். என் தாத்தா அந்தப் பெயரை எந்தச் சிரிப்பும் இல்லாமல், பொன்னி என்று சொல்வதுபோலவே சொல்வார்.

ரேடியோ மேலத்தெருவில் இருந்தது என்று சொன்னேன். தெற்குத் தெருக்காரர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்கள். அவர்கள் இந்தப் பக்கம் வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்டதை நான் பார்த்ததில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. பழைய நாள்களைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அந்த வாய்க்கால்தான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் தாண்டாமல் அந்த நாள்களைப் புகழ எனக்கு மனம் வருவதில்லை.

வீட்டுக்குள் வந்தால், சுவரில் தினசரி நாட்காட்டி. ஒவ்வொரு தாளின் கீழும் ஒரு பொன்மொழி. தாளைக் கிழிக்கும் உரிமை அப்பாவுக்கு. கிழித்ததும் உரக்கப் படிப்பார்; எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அடுப்படியிலிருந்து கேட்டு, “சரியாத்தான் சொல்லிருக்காரு” என்றோ, “இவருக்கு என்ன தெரியும் நம்ம கஷ்டம்” என்றோ சொல்வாள். பிடித்த தாளை அப்பா ரசீதுகள் குத்தி வைக்கும் கம்பியில் குத்தி வைப்பார். மிகவும் பிடித்ததை ஒரு குயர் நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகளில் எழுதியது, மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் வரிகள்தான். கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஒன்று, அல்லது அதைவிடச் சற்று அதிகம். விவேகானந்தர், காந்தி, வள்ளுவர், வானொலியில் கேட்ட யாரோ ஒரு சொற்பொழிவாளர். ஒவ்வொன்றுக்கும் கீழே சொன்னவர் பெயர். பெயர் தெரியாவிட்டால் ‘கேட்டது’ என்று ஒரு சொல். 1977 நவம்பர் என்று தேதியிட்ட பக்கத்தில் ஒரே ஒரு வரி. அந்த மாதம் 12-ஆம் தேதி நாகப்பட்டினம் புயல் எங்கள் கூரையைக் கொண்டுபோனது. அதன்பிறகு ஐந்து மாதம் அவர் எதுவும் எழுதவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே ஐந்து மாதத்தைக் கடந்திருக்க வேண்டும்.

அண்மையில் ஒருநாள், என் கைப்பேசியில் காலை ஏழு மணிக்குள் வந்த வாழ்த்துப் படங்களை எண்ணினேன். நாற்பத்து மூன்று. சூரிய உதயம், தாமரை, பனித்துளி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வாசகம். ஒரே வாசகம் மூன்று குழுக்களில் மூன்று பேர் சொன்னதாக வந்திருந்தது: அப்துல் கலாம், விவேகானந்தர், புத்தர். அப்பா ‘கேட்டது’ என்று எழுதியதில் இருந்த கவனம் இதில் இல்லை. ஆனால் என் அக்காவுக்கு இந்தப் படங்கள் வேறு பொருளில் வருகின்றன. அவளுடைய மூத்தவன் திருப்பூரில், இளையவன் சிங்கப்பூரில். இரண்டு பேரிடமிருந்தும் தாமரை வந்துவிட்டால் இரண்டு பேரும் நலமாக எழுந்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அம்மா காலத்தில் மாமாவிடமிருந்து மாதம் ஒரு இன்லண்டு கடிதம் வரும்; அதைப் படிக்க என்னைத் தேடுவாள். அக்கா தாமரையில் உள்ள வாசகத்தைப் படிப்பதில்லை. அதை எழுதியவர் அதற்காக வருந்த வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

பாட்டின் தலைமடை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் நாற்பத்தெட்டுப் பேரை நியமித்தான். உடுக்கைக்கு ஒருவர், மத்தளத்துக்கு ஒருவர். ஆக ஐம்பது பேர். ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல், ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலால் அளந்து. ஆயிரம் ஆண்டுக்கு முன் பாட்டுக்கு ஓர் அளவும், அந்த அளவைத் தர ஒரு களஞ்சியமும், அதைக் கல்லில் எழுதி வைக்கும் அக்கறையும் இருந்தன. கல்வெட்டில் அந்த ஐம்பது பேருக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. இன்று டெல்டாவின் சிறிய கோயில்கள் பலவற்றில் தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் மேளமும் மணியும் தாமே முழங்கும் இயந்திரம் இருக்கிறது. நாகசுரக்காரருக்கு அளந்து கொடுத்த நெல் எப்போதோ நின்றுவிட்டது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிதான். அதை ஊத ஆள் வேண்டும். மறுபக்கம், ஓதுவார் பணிக்குப் பெண்களும் இப்போது நியமிக்கப்படுகிறார்கள். 2020 பிப்ரவரி 5-இல் பெரிய கோயில் குடமுழுக்கு நடந்தபோது உயர் நீதிமன்ற உத்தரவின்படி சமஸ்கிருதத்தோடு தமிழும் ஒலித்தது. நாற்பத்தெட்டுப் பேரின் பட்டியலில் இடம் கிடைத்திராத ஒரு குரலை இன்று ஏதோ ஒரு சன்னிதியில் கேட்க முடிகிறது.

திருவையாற்றுக்கும் இதே கதை. தியாகராஜர் திருமஞ்சன வீதியில் வாழ்ந்தார். காலையில் தம்பூராவோடு தெருவில் பாடிக்கொண்டு போவார். சொம்பில் விழுந்த அரிசி அன்றைய சோறு. பாட்டும் சோறும் ஒரே தெருவில் அன்றன்றைக்குக் கணக்குத் தீர்ந்தன. 1847-இல் அவர் மறைந்தபின் காவிரிக் கரையில் இருந்த சமாதி கவனிப்பாரற்றுப் போயிற்று. அதை மீட்டவர் மைசூர்ப் பக்கத்து நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். தன் சேமிப்பைப் போட்டு அங்கே கோயிலுக்கு 1921-இல் அடிக்கல் நாட்டி, 1925-இல் குடமுழுக்கு நடத்தினார். அவர் கட்டிய கோயிலிலேயே ஆராதனை நாளில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அவர் பெண்களைத் திரட்டிச் சமாதிக்குப் பின்புறம் உட்கார்ந்து பாடினார். 1940-இல்தான் ஆராதனையைத் தனித்தனியே நடத்திவந்த குழுக்கள் ஒன்றாயின. 1952-இல் அவர் மறைந்தபோது தியாகராஜர் சமாதிக்கு எதிரிலேயே அவருக்கும் சமாதி அமைந்தது.

இன்று ஆராதனைப் பந்தலில் பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாட உட்காரும் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். வீட்டில் தொலைக்காட்சி முன்னாலும், கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்தும் சேர்ந்து பாடுகிறார்கள். பழைய ஆள்கள் அந்த நாளுக்காக மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து ஆற்று மணலில் படுத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கேட்டதை அடுத்த ஆண்டு வரை முணுமுணுத்தார்கள். இப்போது ஒரு கீர்த்தனையை நூறு பேர் பாடியதை ஒரே நாளில் ஒப்பிட்டுக் கேட்கலாம். சங்கீதம் கற்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பது, ஒரு பாடாந்தரத்துக்காகக் குரு வீட்டில் ஆறு மாதம் தண்ணீர் இறைத்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் கடைமடைக்குத் தியாகராஜர் வந்து சேர்ந்ததேயில்லை. தெற்குத் தெருவுக்குத் தேவாரமும் வரவில்லை. அங்கே போய்ச் சேர்ந்த முதல் ஊக்கச் சொல் வேறு திசையிலிருந்து வந்தது. 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் பண்ணையாள்களிடம் வந்தார். தென் கன்னடத்துக்காரர், இங்கே வந்துதான் தமிழை மண்ணோடு கற்றுக்கொண்டார். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக நாள்தோறும் நடந்துகொண்டிருந்த ஊர்களில், வாங்கிக்கொண்டு நிற்காதே என்று நிமிர்ந்து நிற்கச் சொன்னார். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-இல் அவர் மறைந்தார். திருத்துறைப்பூண்டியில் நினைவிடம் இருக்கிறது. தெற்குத் தெருப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “நீங்க காலண்டர்ல படிச்சீங்க தம்பி. எங்களுக்கு அவரு ஒருத்தரு சொன்னது போதும்.” காவிரியின் தலைமடையில் பெண்களுக்காகப் பாடிய நாகரத்தினம்மாளும் கடைமடையில் பண்ணையாள்களுக்காகப் பேசிய சீனிவாசராவும் ஏறத்தாழ ஒரே காலத்தவர், இருவரும் கன்னட நாட்டிலிருந்து வந்தவர்கள். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. இந்த ஒற்றுமையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துச் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்த கல்யாணசுந்தரம். உழுதவர் எழுதிய சினிமாப் பாட்டு, கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் எல்லாத் தெருவுக்கும் ஒரே சமயத்தில் கேட்டது. தென்னை மரத்தில் கட்டிய குழாய்க்கு வாய்க்கால் தெரியாது. 1959-இல் அவர் போனபோது வயது இருபத்தொன்பது. அவருடைய பாட்டுக்காக என் சித்தப்பா மன்னார்குடி டூரிங் கொட்டகைக்கு ஒரே படத்தை நான்கு முறை நடந்துபோய்ப் பார்த்தாராம். முழுப்பாட்டையும் தலையில் ஏற்றிக்கொண்டு வர நான்கு முறை தேவைப்பட்டது. இன்று அதே பாட்டு எந்தக் கைப்பேசியிலும் ஒரு விரல் தொடலில் கிடைக்கிறது. என் மகனுக்கு முதல் இரண்டு வரி தெரியும். மறந்தால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம் என்பதால் நினைவில் வைக்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை.

மன்னார்குடி என்றதும் ஒரு மாட்டு வண்டியைச் சொல்லாமல் போக முடியாது. 1931-இல் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் அங்கே மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் ஒன்றைத் தொடங்கினார். அதைத் தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். புத்தகம் வண்டியேறிக் கிராமத்துக்கு வந்தது. எங்கள் அப்பா அந்த வண்டியைப் பார்த்ததில்லை. ஆனால் வண்டி போய்க் கிளை நூலகம் வந்து, அந்த நூலகத்திலிருந்து எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ எங்கள் வீட்டுக்கு வந்தது. மயிலாடுதுறைப் பக்கம் விளநகரில் பிறந்து, அமெரிக்கா போய் உழைத்துத் திரும்பிய அவர், 1988-இல் மக்கள் சக்தி இயக்கம் தொடங்கினார். முன்னேற்றம் என்பது நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நமக்கு எழுதும் கடிதம்போல இருந்தது அந்தப் புத்தகத்தில். அதை எங்கள் ஊரில் பதினொரு பேர் படித்தார்கள் என்று கடன் அட்டையில் பார்த்து எண்ணியிருக்கிறேன். இரண்டு பேர் ஊரில் சிறு தொழில் தொடங்கினார்கள். ஒருவர் தோற்றார்.

இன்று நூலகத்துக்குப் போனால் இளைஞர்கள் இருக்கிறார்கள், முன்பைவிட அதிகமாகவே. எல்லார் முன்னாலும் குரூப் 4 தேர்வு நூல்கள். குறளும் பாடத்திட்டத்தில் உண்டு. முன்பு அரசுப் பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் எழுதியிருந்த குறளைத் திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேரும் வரை பார்த்துக்கொண்டே வந்து, இறங்கும்போது அது மனப்பாடமாகிவிட்டதை உணர்ந்தவன் நான். இவர்கள் மதிப்பெண்ணுக்காகப் படிக்கிறார்கள். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. எங்கள் தெற்குத் தெருவிலிருந்து மூன்று பெண்கள் அப்படிப் படித்து அரசு வேலைக்குப் போயிருக்கிறார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று ரேடியோ கேட்டவர்களின் பேத்திகள் அவர்கள்.

வயலுக்கு வருகிறேன். நடவுப்பாட்டு ஒன்றுதான் முறை வைக்காமல் இங்கேயே ஊறிய தண்ணீர். இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகர, ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டு வேகமானால் கை வேகமாகும். மத்தியானம் சோர்ந்தால் ஒரு குலவை. இப்போது தண்ணீர் தட்டுப்பாட்டில் பாதி நிலம் நேரடி விதைப்பு. மீதியில் நடவு இயந்திரம், அல்லது வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் ஆட்கள். வரப்பில் அவர்கள் வைத்திருக்கும் கைப்பேசியிலிருந்து வங்கப் பாட்டு வருகிறது. ஊர்விட்டு வந்தவர்களுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று முகத்தில் தெரியும். முதுகொடியும் வேலை குறைந்ததை எங்கள் பெண்கள் யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வேலையோடு பாட்டும் போயிற்று என்பதை எனக்குச் சொன்னது கஜா புயல்.

2018 நவம்பர் 16. அப்பாவின் நோட்டில் உள்ள புயலுக்கு நாற்பத்தொரு ஆண்டும் நான்கு நாளும் கழித்து. மரங்கள் எல்லாம் சாய்ந்தன. எங்கள் பக்கம் மின்சாரம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கைப்பேசிகள் மூன்றாம் நாளே அணைந்துவிட்டன. மாலையில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் எல்லாத் தெரு ஆள்களும் ஒன்றாகப் படுத்திருந்தோம். ஒருநாள் தெற்குத் தெருப் பாட்டி ஒருத்தி, எண்பது வயதிருக்கும், யாரும் கேட்காமலே நடவுப்பாட்டு ஒன்றைத் தொடங்கினாள். முதலில் அழுவதாக நினைத்தோம். பிறகு நாலைந்து பெண்கள் வாங்கிப் பாடினார்கள். நீளமான பாட்டு, பாதிக்கு மேல் வாங்கிப் பாட யாருக்கும் தெரியவில்லை. பாட்டி தனியாகவே முடித்தாள். பதிவு செய்ய ஒரு கருவியிலும் உயிர் இல்லை. அடுத்த பொங்கலுக்குள் அவள் போய்விட்டாள்.

அன்று தாழ்வாரத்தில் என் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி இப்போது திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய அம்மா களை பறிக்கப் போகிறவள். மகள் கற்கும் பாடத்தை வாரம் ஒருமுறை பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். போன கார்த்திகையில் எங்கள் வயலில் களை எடுப்பு. சாப்பிட்டு முடித்ததும் அம்மா கைப்பேசியைக் காலியான தூக்குவாளிக்குள் வைத்தாள். அப்படி வைத்தால் சத்தம் கணீரென்று வரும். அன்று மகள் பாடியது கல்லூரிப் பாடம் அல்ல. அந்தப் பாட்டியின் பாட்டு. நாலு அடி வந்து நின்றுவிட்டது. “இதுக்கு மேல நெனவு வரலம்மா” என்றாள் வாளிக்குள்ளிருந்து.

அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு ஐந்தாவது அடியைப் பாடினாள். வரிசையில் இன்னொருத்தி ஆறாவதைத் தொட்டு, பாதியில் விட்டாள். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அம்மா கைப்பேசியை வெளியே எடுத்தாள். வாய்க்கு அருகில் பிடித்து அந்த ஒன்றரை அடியை மறுபடி பாடி, திருவையாற்றுக்கு அனுப்பிவிட்டுக் களைக்கு இறங்கினாள்.